கரன்ட் போனால் ஹாலில் கடல்நீர்? பெரிய மீன் தொட்டிக்கு சம்ப், ரிட்டர்ன் பம்ப் தேர்வு செய்வது எப்படி?

ஆறடி நீளக் கண்ணாடித் தொட்டி, நீல வெளிச்சம், உள்ளே ஆரஞ்சும் வெள்ளையுமாக 'நீமோ' மீன்கள். கடல்நீர் மீன் தொட்டி என்றதும் நம் கண் முன் வருவது இதுதான். ஆனால் அந்த மீன்கள் பிழைக்குமா, நடுராத்திரி கரன்ட் போனால் ஹால் நனையுமா என்பதை முடிவு செய்வது ஸ்டாண்டின் கதவுக்குள் ஒளிந்திருக்கும் இரண்டு பொருட்கள். ஒன்று சம்ப். இன்னொன்று ரிட்டர்ன் பம்ப்.

தொட்டி, லைட், மீன் எல்லாவற்றுக்கும் செலவு செய்துவிட்டு, மிச்சமிருக்கும் பணத்தில் மிச்சமிருக்கும் இடத்துக்கு ஏற்றபடி இந்த இரண்டையும் வாங்குபவர்கள்தான் அதிகம். உண்மையில் கணக்கு இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். அந்தக் கணக்கு என்ன? எளிமையாகப் பார்க்கலாம்.

சம்ப் என்றால் என்ன? நம்ம வீட்டு சம்ப் மாதிரியா?

கிட்டத்தட்ட அதேதான். வீட்டில் தரைக்கடியில் சம்ப், மொட்டை மாடியில் டேங்க், நடுவில் ஒரு மோட்டார். மீன் தொட்டியிலும் அதே அமைப்பு. கீழே ஒரு சின்னக் கண்ணாடித் தொட்டி, அதுதான் சம்ப். மேலே மீன்கள் இருக்கும் பெரிய தொட்டி. கீழிருந்து தண்ணீரை மேலே ஏற்றுவது ரிட்டர்ன் பம்ப்.

ஒரே ஒரு வித்தியாசம். மாடி டேங்க் நிரம்பி வழிந்தால் மோட்டாரை நிறுத்த ஓடுவோம். இங்கே வழிவதுதான் வேலையே. மேல் தொட்டியின் ஓரத்தில் ஓவர்ஃப்ளோ பெட்டி இருக்கும். தண்ணீர் அதில் வழிந்து, குழாய் வழியாக சம்புக்கு இறங்கும். அங்கே சுத்தமாகி, பம்ப் மூலம் மறுபடி மேலே போகும். 24 மணி நேரமும் இந்தச் சுற்று நிற்கவே கூடாது.

இதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? நன்னீர் மீன்களுக்கு ஒரு சாதாரண ஃபில்டரை மாட்டிவிட்டுக் காலம் தள்ளலாம். கடல்நீரில் அது கஷ்டம். உப்பு நீரிலும் சூடான நீரிலும் ஆக்சிஜன் குறைவாகவே கரையும். நம்ம ஊரில் இரண்டும் சேர்ந்தே வருகிறது. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவும் கடல் உயிர்களைச் சீக்கிரம் பாதிக்கும். சம்ப் இருந்தால் மொத்தத் தண்ணீரின் அளவு கூடுகிறது, அதனால் எந்த மாற்றமும் மெதுவாகத்தான் நடக்கும். நுரையாக அழுக்கைப் பிரித்தெடுக்கும் புரோட்டீன் ஸ்கிம்மர், ஹீட்டர், வடிகட்டும் துணிப்பை எல்லாம் கண்ணில் படாமல் கீழே போய்விடும். தண்ணீரின் மேல் படியும் எண்ணெய்ப் படலமும் வழிந்து இறங்கிவிடும்.

எவ்வளவு பெரிய சம்ப் வேண்டும்?

கடையில் கேட்டால், "தொட்டியில் மூணுல ஒரு பங்கு இருந்தா போதும் சார்" என்பார்கள். தொடங்குவதற்கு அது மோசமான கணக்கு இல்லை. ஆனால் அது பதில் சொல்லாத கேள்வி ஒன்று இருக்கிறது. பம்ப் நின்றால் மேலிருந்து எவ்வளவு தண்ணீர் கீழே வரும்?

ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரமுள்ள தொட்டி. மொத்தம் 24 கன அடி, அதாவது சுமார் 680 லிட்டர். இந்தத் தொட்டியில் வெறும் 1 இன்ச் உயரத் தண்ணீர் என்பது சரியாக ஒரு கன அடி, 28 லிட்டர். ஒன்றரை வாட்டர் கேன்!

அதற்குக் கீழே மூன்றில் ஒரு பங்கு அளவில் ஒரு சம்ப் வைக்கிறோம். 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், 16 இன்ச் உயரம். 8 கன அடி, சுமார் 226 லிட்டர். இதில் 1 இன்ச் என்பது 14 லிட்டர். ஆக மேல் தொட்டியில் 1 இன்ச் இறங்கினால் சம்பில் 2 இன்ச் ஏறும். இந்த ஒரு விகிதத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மீதி தானாக வரும்.

பம்ப் ஓடும்போது சம்பில் 9 இன்ச் தண்ணீர் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். மேலே காலியாக இருப்பது 7 இன்ச், அதாவது கிட்டத்தட்ட 99 லிட்டர். கண்ணாடித் தடிமனைக் கழித்தால் இன்னும் கொஞ்சம் குறையும்.

இப்போது கரன்ட் கட்.

பம்ப் நின்றதும் இரண்டு வழிகளில் தண்ணீர் இறங்கும். ஓவர்ஃப்ளோ பெட்டியின் விளிம்புக்கு மேல் நிற்கும் தண்ணீர் முதலில் வழியும். இது கொஞ்சம்தான். ஆபத்து அடுத்ததில் இருக்கிறது. மேலே தண்ணீரை ஏற்றிக்கொண்டிருந்த ரிட்டர்ன் குழாய் அப்படியே தலைகீழாக வேலை செய்யத் தொடங்கும். பைக்கில் இருந்து டியூப் போட்டு பெட்ரோல் எடுப்போமே, அதே சைஃபன்தான். குழாயின் வாய் தண்ணீருக்குள் மூழ்கி இருக்கும்வரை அது உறிஞ்சிக்கொண்டே இருக்கும். வாய்க்குக் காற்று பட்டால்தான் நிற்கும்.

குழாயின் வாய் நீர்மட்டத்துக்கு 2 இன்ச் கீழே இருந்தால் 57 லிட்டர் இறங்கும். ஓவர்ஃப்ளோ பெட்டியிலும் குழாய்களிலும் இருப்பது ஒரு 12 லிட்டர் என்று வையுங்கள். மொத்தம் 70 லிட்டருக்குள். சம்பில் 5 இன்ச் ஏறி 14-ல் நிற்கும். தப்பித்தோம்.

அதே குழாய் 4 இன்ச் ஆழத்தில் இருந்தால்? 113 லிட்டரும் இந்த 12 லிட்டரும் சேர்ந்து 125. சம்பில் இடமிருப்பது 99-க்கு. மிச்சம் 26 லிட்டர் உப்புத் தண்ணீர் டைல்ஸ் மேல், மரச் சாமான்கள் மேல், அடுக்குமாடி வீடாக இருந்தால் கீழ் வீட்டு சீலிங்கில். அதே தொட்டி, அதே சம்ப், அதே பம்ப். மாறியது குழாயின் வாய் இருந்த இடம், வெறும் 2 இன்ச்.

ஒரு வழி வால்வு போட்டால் போதாதா?

தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வைப் பலரும் மாட்டுகிறார்கள். மாட்டலாம், தப்பில்லை. ஆனால் அதை நம்பிச் சின்ன சம்ப் வாங்கக் கூடாது. கடல்நீர்த் தொட்டிக் குழாய்களுக்குள் பாசி வளரும், சுண்ணாம்பு படியும், குட்டி நத்தை போய் உட்காரும். ஒரு மணல் துகள் இடையில் சிக்கினாலும் வால்வு முழுசாக மூடாது. சில மாதம் கழித்து என்றைக்கு வேலை செய்யாமல் போகும் என்று அதுவே சொல்லாது.

ரிட்டர்ன் குழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சின்ன ஓட்டை போடுவது இன்னொரு வழி. நீர்மட்டம் இறங்கியதும் ஓட்டையில் காற்று புகுந்து சைஃபன் அறுந்துவிடும். நல்ல யோசனை, ஆனால் ஓட்டையும் பாசியில் அடைபடும். மாதத்துக்கு ஒருமுறை பல்குத்தும் குச்சியால் குத்திச் சுத்தம் செய்பவர்களுக்கு இது ஓகே. எல்லாவற்றையும்விட உறுதியானது குழாயின் வாயை நீர்மட்டத்தை ஒட்டியே வைப்பதும், வால்வும் ஓட்டையும் இல்லை என்று நினைத்துக்கொண்டு சம்பின் அளவைக் கணக்கிடுவதும்தான்.

பெரிய சம்ப் என்றால் எல்லாம் சரியா?

பெரும்பாலும் சரி. இடம் இருந்தால் பெரிதாகவே வாங்குங்கள். ஆனால் சம்பின் கடைசி அறை, அதாவது பம்ப் உட்காரும் அறை, வேறு கதை. அங்கே ஒரு இழுபறி இருக்கிறது.

சம்பை உள்ளே கண்ணாடித் தடுப்புகள் வைத்து அறைகளாகப் பிரித்திருப்பார்கள். முதல் அறையில் துணிப்பை, அடுத்ததில் ஸ்கிம்மர், பிறகு குமிழிகளைத் தடுக்கும் இடைவெளி, கடைசியில் பம்ப். முதல் அறைகளின் நீர்மட்டத்தைத் தடுப்புகளே பிடித்து வைத்திருக்கும். தண்ணீர் ஆவியாகிக் குறைவது கடைசி அறையில் மட்டும்தான் தெரியும்.

அந்த அறை 12-க்கு 18 இன்ச் என்றால், அதில் ஒரு இன்ச் என்பது மூன்றரை லிட்டர்தான். கோடையில் ஃபேன் காற்றில் நாளைக்கு 7 லிட்டர் ஆவியானால் 2 இன்ச் போச்சு. மூன்று நாள் ஊருக்குப் போய்விட்டு வந்தால் பம்ப் காற்றை உறிஞ்சிக்கொண்டு கத்திக்கொண்டிருக்கும். அதனால் இந்த அறை பெரிதாக இருப்பது நல்லது.

இப்போது மறுபக்கம். ஓவர்ஃப்ளோ குழாயில் நத்தையோ பாசியோ அடைத்துக்கொண்டால்? தண்ணீர் கீழே வராது, ஆனால் பம்ப் மேலே ஏற்றிக்கொண்டே இருக்கும். இந்த முறை வழிவது மேல் தொட்டி. எவ்வளவு ஏற்றும்? கடைசி அறையில் இருக்கும் அளவுக்கு. நம் உதாரணத்தில் 9 இன்ச் தண்ணீர், பம்பின் உறிஞ்சும் வாய் 2 இன்ச் உயரத்தில். மிச்சம் 7 இன்ச், ஏறக்குறைய 25 லிட்டர். மேல் தொட்டியில் அது 1 இன்ச்சுக்குச் சற்றுக் குறைவு. ஆகவே மேல் தொட்டியின் விளிம்புக்குக் கீழே ஒன்றரை இன்ச் காலியாக விட்டிருந்தால் ஒரு சொட்டு கூட வெளியே வராது. அழகுக்காக விளிம்பு வரை நிரப்பியிருந்தால் வரும்.

இதனால்தான் பெரிய தொட்டிகளுக்கு ஒரே ஓவர்ஃப்ளோ குழாய் போதாது. குறைந்தது இரண்டு வேண்டும். ஒன்று வழக்கமாக ஓடும், இன்னொன்று அதைவிடச் சற்று உயரத்தில் சும்மா காத்திருக்கும். முதலாவது அடைத்தால் இரண்டாவது தனியாகவே பம்பின் முழு ஓட்டத்தையும் தாங்க வேண்டும். தொட்டி ஆர்வலர்கள் 'ஹெர்பி' என்று சொல்வது இந்த இரண்டு குழாய் முறையைத்தான். மூன்று குழாய் வைத்தால் 'பீன் அனிமல்'. பெயர்கள் வேடிக்கையாக இருந்தாலும் விஷயம் சீரியஸ். தொட்டி செய்யும்போதே கண்ணாடியில் ஓட்டை போட்டாக வேண்டும், பிறகு யோசித்துப் பயனில்லை.

ஆவியான தண்ணீரைத் தானாக நிரப்பும் ஆட்டோ டாப்-அப் கருவி வைப்பவர்களுக்கு ஒரு விஷயம். உப்பு ஆவியாகாது, தண்ணீர் மட்டும்தான் போகும். அதனால் நிரப்ப வேண்டியது உப்பு கலக்காத ஆர்ஓ தண்ணீர். அந்தக் கருவியின் சென்சார் கெட்டுப்போனால் வாளியில் இருப்பது மொத்தமும் சம்புக்குள் இறங்கும். எனவே 100 லிட்டர் டிரம்மை இணைத்துவிட்டு நிம்மதியாக ஊருக்குப் போகாதீர்கள். சம்ப் தாங்கும் அளவு மட்டும் இணையுங்கள்.

ரிட்டர்ன் பம்ப்: பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை நம்பலாமா?

நம்பலாம், ஆனால் அது உங்கள் வீட்டு எண் இல்லை.

முதலில் எவ்வளவு ஓட்டம் தேவை என்று பார்ப்போம். பாறையும் மணலும் போட்ட பிறகு நம் 680 லிட்டர் தொட்டியில் நிஜமாக நிற்பது 600 லிட்டர் என்று வைக்கலாம். இந்தத் தண்ணீர் மணிக்கு 3 முதல் 5 முறை சம்ப் வழியாகப் போய் வந்தால் போதும். நடுவில் 4 முறை என்றால் மணிக்கு 2,400 லிட்டர். 'பத்து மடங்கு வேணும்' என்ற பழைய கணக்கு இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. பவள உயிர்களுக்கு வேகமான நீரோட்டம் வேண்டும் என்பது உண்மைதான். அதற்குத் தொட்டிக்குள் வைக்கும் வேவ்மேக்கர் இருக்கிறது, குறைந்த கரன்டில் அந்த வேலையைச் செய்துவிடும். சம்ப் வழியாக அதிக வேகத்தில் தண்ணீரை விரட்டினால் சத்தமும் குமிழியும்தான் மிஞ்சும்.

அப்போ பெட்டியில் 2,400 என்று போட்ட பம்பை வாங்கலாமா? கூடாது. அந்த எண் தண்ணீரை மேலே ஏற்றவே தேவையில்லாதபோது கிடைக்கும் ஓட்டம். சம்பின் நீர்மட்டத்திலிருந்து மேல் தொட்டியின் நீர்மட்டம் வரை உயரம் சாதாரணமாக 5 அடி, ஒன்றரை மீட்டர் இருக்கும். பெட்டியிலேயே 'மேக்ஸ் ஹெட் 3 மீட்டர்' என்று இன்னொரு எண் இருக்கும். மூன்று மீட்டர் வரை நன்றாக ஏற்றும் என்று அர்த்தமில்லை. மூன்று மீட்டரில் ஓட்டம் பூஜ்ஜியம் என்று அர்த்தம். மணிக்கு 4,000 லிட்டர் என்று போட்ட பம்ப், ஒன்றரை மீட்டரில் தோராயமாகப் பாதியைத்தான் தரும். குழாயில் இருக்கும் ஒவ்வொரு எல்போவும் வால்வும் அதிலும் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும்.

நல்ல நிறுவனங்கள் பம்புடன் ஒரு வளைகோட்டுப் படம் தருவார்கள். எந்த உயரத்தில் எவ்வளவு ஓட்டம் என்று அதில் இருக்கும். ஒன்றரை முதல் 2 மீட்டர் உயரத்தில் 2,500 லிட்டரிலிருந்து 3,000 லிட்டர் வரை தரும் பம்பாகத் தேடுங்கள். படமே இல்லாத பம்ப் என்றால் யோசிக்க வேண்டும். கொஞ்சம் பெரிதாக வாங்கி, வெளியேறும் பக்கத்தில் ஒரு வால்வு வைத்து ஓட்டத்தைக் குறைத்துக்கொள்ளலாம். உறிஞ்சும் பக்கத்தில் மட்டும் ஒருபோதும் நெரிக்கக் கூடாது. குழாய் பம்பின் வாயைவிடச் சின்னதாக இருக்கக் கூடாது, 90 டிகிரி எல்போ எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது.

வாங்கிய பிறகு ஒரு சோதனை. ரிட்டர்ன் குழாயின் வாயை மேல் தொட்டி உயரத்திலேயே பிடித்து 20 லிட்டர் வாட்டர் கேனை நிரப்புங்கள். 30 விநாடியில் நிரம்பினால் மணிக்கு 2,400 லிட்டர். ஒரு நிமிடம் ஆனால் பாதிதான் வருகிறது.

ஏசியா, டிசியா?

ஏசி பம்ப் விலை குறைவு, ஒரே வேகம், கட்டமைப்பு எளிது. டிசி பம்ப் விலை அதிகம், வேகத்தைக் கூட்டலாம் குறைக்கலாம், சத்தம் குறைவு, பொதுவாக கரன்டும் குறைவு. 60 வாட் பம்ப் ஒன்று நிற்காமல் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 86 யூனிட். 30 வாட் என்றால் 43. இந்த வித்தியாசம் பில்லோடு முடிவதில்லை. தண்ணீருக்குள் மூழ்கி ஓடும் பம்ப் எடுக்கும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் கடைசியில் சூடாக மாறித் தண்ணீரில்தான் சேரும். கடல்நீர்த் தொட்டியை 25 முதல் 27 டிகிரியில் வைக்க வேண்டும். சென்னை வெயிலில் ஏற்கெனவே சில்லர் திணறிக்கொண்டிருக்கும், அதற்குப் பக்கத்திலேயே பம்பும் அடுப்பு மூட்டினால் எப்படி?

டிசி பம்பின் பலவீனம் அதன் கன்ட்ரோலர். உப்புக் காற்றில் அது கெட்டால் பம்பும் நிற்கும். எது வாங்கினாலும் ஒரு மலிவான ஏசி பம்ப் ஸ்பேராக வீட்டில் இருக்கட்டும். பம்புகள் ஞாயிற்றுக்கிழமை ராத்திரிதான் கெட்டுப்போகும்.

செலவு குறைக்க ஏர் கூலர் பம்ப் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். அது உப்பு நீருக்கென்று செய்யப்பட்டதல்ல. உள்ளே இருக்கும் உலோகம் துருப்பிடிக்கும், அதில் செம்போ பித்தளையோ இருந்தால் அந்தச் செம்பு தண்ணீரில் கரைந்து இறாலையும் நத்தையையும் பவள உயிர்களையும் கொல்லும். பீங்கான் தண்டு உள்ள, கடல்நீருக்கு ஏற்றது என்று குறிப்பிட்ட பம்ப்தான் சரி.

கரன்ட் போயிருக்கும்போது எதை ஓட விடுவது?

இன்வெர்ட்டர் இருந்தாலும் முதல் இணைப்பு ரிட்டர்ன் பம்புக்கு இல்லை. அந்த நேரத்தில் மீன்களுக்கு உடனடித் தேவை ஆக்சிஜன். தண்ணீரின் மேற்பரப்பு அசைந்தாலே அது கிடைத்துவிடும். எனவே சில வாட் எடுக்கும் வேவ்மேக்கரையோ பேட்டரி ஏர் பம்பையோ முதலில் ஓட விடுங்கள். பேட்டரியில் மிச்சம் இருந்தால் ரிட்டர்ன் பம்ப். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஏசி பம்ப் உறுமும், சூடாகும். சைன் வேவ் இன்வெர்ட்டர்தான் நல்லது.

மின் இணைப்பில் மிச்சம் பிடிக்க வேண்டாம். 30 மில்லியாம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்சிசிபி கட்டாயம். பிளக் போர்டை சம்புக்கு நேர் மேலே வைக்காதீர்கள். ஒவ்வொரு வயரும் போர்டுக்குப் போகும் முன் ஒருமுறை கீழே தொங்கி வளைந்து ஏற வேண்டும், அப்போதுதான் வயரில் வழியும் நீர் பிளக்குக்குள் போகாமல் கீழே சொட்டும். சம்புக்குள் கை விடும் முன் ஸ்விட்சை அணையுங்கள்.

வாங்கப் போகும் முன்...

சென்னையில் கொளத்தூர் மாதிரியான இடங்களில் அளவு சொன்னால் சம்பை ஒட்டியே தருவார்கள். போவதற்கு முன் ஸ்டாண்டை அளந்துவிடுங்கள். உள்ளே இடம் இருக்கும், ஆனால் கதவு வழியாக சம்ப் நுழையாது, நடுவில் ஒரு கால் இடிக்கும். பலர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. ஸ்கிம்மரின் மேல் கப்பைத் தூக்கிக் கழுவவும் இடம் வேண்டும்.

எடையையும் பாருங்கள். 680 லிட்டர் கடல்நீர் மட்டும் 700 கிலோ. கண்ணாடி, பாறை, சம்ப் எல்லாம் சேர்த்தால் ஒரு டன்னைத் தொடும். வீட்டுத் தளங்களுக்கு வழக்கமாக எடுத்துக்கொள்ளப்படும் பளு சதுர மீட்டருக்கு சுமார் 200 கிலோ. மாடி வீடு என்றால் ஒரு கட்டடப் பொறியாளரிடம் கேட்டுவிடுவது நல்லது.

சம்பில் போட 'உயிர்ப் பாறை' என்று யாராவது ராமேஸ்வரம் பக்கத்துப் பவளக் கற்களை நீட்டினால் வாங்காதீர்கள். பாறை கட்டும் பவளங்கள் 1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. எடுப்பதும் விற்பதும் வாங்குவதும் குற்றம். கடல் குதிரைக்கும் இதே பாதுகாப்பு உண்டு.

எல்லாம் பொருத்திய பிறகு உப்பு கலக்காமல், மீன் விடாமல், வெறும் தண்ணீரில் ஓட்டிப் பாருங்கள். ஓடும்போது மெயின் ஸ்விட்சை அணையுங்கள். தண்ணீர் இறங்கி முடியும்வரை, சில நிமிடங்கள், சம்ப் பக்கத்திலேயே இருங்கள். வழிந்தால் இப்போது வழியட்டும், துடைத்துவிடலாம். வழியவில்லை என்றால் மறுபடி ஆன் செய்து, மட்டம் நிலைத்ததும் பம்ப் அறையின் கண்ணாடியில் பெர்மனென்ட் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். இனி தண்ணீர் ஊற்றும்போது அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. வீட்டில் இருக்கும் மற்றவர்களிடமும் கோட்டைக் காட்டிவிடுங்கள்.